குடியரசுக் கட்சிப் பெண்கள் கிளப்பில் சேர்வது எப்படி? டெக்சாஸில் புதிதாக வருபவர்களுக்கு

தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "அக்கா, மாசா மாசம் ஒரு கிளப்புக்குப் போறீங்களே, அங்க என்னதான் நடக்குது? நானும் வரலாமா?" டாலஸுக்கு வடக்கே உள்ள ஒரு குடியரசுக் கட்சிப் பெண்கள் கிளப்பில் சில ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். அங்கே மசோதாக்களைக் கவனிக்கும் குழுவில் வேலை செய்கிறேன். ஒவ்வொருவருக்கும் கார் கதவைப் பிடித்துக்கொண்டே சொல்லி முடிக்க முடிவதில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

வரலாம். ஆனால் வருவதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குடியேற்ற நிலை என்ன?

எச்-1பி, எச்-4, எல்-1, மாணவர் விசா, இவற்றில் எதில் இருந்தாலும் அமெரிக்கத் தேர்தல் எதற்கும் நீங்கள் பணம் தரக் கூடாது. மத்தியத் தேர்தலுக்கு மட்டும்தான் இந்தத் தடை என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மாநிலம், கவுன்டி, நகராட்சி, பள்ளி மாவட்டம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பல கிளப்புகள் அரசியல் நிதிக் குழுவாகப் பதிவு செய்திருப்பதால், நீங்கள் கட்டும் சந்தாவே அரசியல் நன்கொடையாகிவிடும். கூட்டத்தில் நிதி திரட்ட விற்கும் பொருட்களை வாங்குவதும் அப்படித்தான். விசாவில் இருப்பவர்கள் விருந்தினராக வந்து உட்கார்ந்து கேட்கலாம், சம்பளம் வாங்காமல் சின்னச் சின்ன வேலைகளுக்கு உதவலாம். ஆனால் பணத்தை எங்கே செலவிடுவது போன்ற முடிவுகளில் கலந்துகொள்ளக் கூடாது. சாப்பாட்டுக்குக் கட்டணம் இருந்தால், கட்டுவதற்கு முன் பொருளாளரிடம் உங்கள் நிலையைச் சொல்லிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல பொருளாளர் நீங்கள் சொன்னதற்கு நன்றிதான் சொல்வார்.

கிரீன் கார்டு வந்துவிட்டால் நன்கொடை தரலாம். வாக்களிக்க மட்டும் முடியாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓட்டுநர் உரிமம் வாங்கப் போகும்போது படிவத்தில் வாக்காளராகப் பதிய விருப்பமா என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் 'ஆம்' என்று குறித்துவிட்டு, பின்னால் குடியுரிமை நேர்காணலில் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டிய நிலை யாருக்கும் வர வேண்டாம். குடியுரிமை இல்லாமல் வாக்களித்தால் நாடு கடத்தப்படும் அளவுக்கு அது போகும்.

முழு உறுப்பினராகச் சேரக் குடியுரிமை பெற்ற, வாக்காளராகப் பதிந்த பெண்ணாக இருந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. டெக்சாஸில் கட்சி பெயரில் பதிவு செய்யும் வழக்கம் கிடையாது. கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரித் தேர்தலில் எந்தக் கட்சியின் வாக்குச் சீட்டைக் கேட்டு வாங்குகிறீர்களோ, அந்த ஆண்டுக்கு நீங்கள் அந்தக் கட்சி. ஆண்களும் சேரலாம், ஆனால் இணை உறுப்பினராக மட்டும். கிளப்பில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. என் கணவர் அப்படித்தான் இருக்கிறார். கொடி கட்ட, பலகை நட, நாற்காலி அடுக்க அவரைக் கூப்பிடாத மாதமே இல்லை.

இந்தக் கிளப்புகள் எங்கிருந்து வந்தன?

1938-ல் மேரியன் மார்ட்டின் என்பவர் நாடெங்கும் சிதறிக் கிடந்த குடியரசுக் கட்சிப் பெண்கள் கிளப்புகளை ஒரே தேசியக் கூட்டமைப்பாகச் சேர்த்தார். மெய்ன் மாநிலத்தின் இரு அவைகளிலும் உறுப்பினராக இருந்தவர் அவர், மசோதா எப்படி நகரும் என்று உள்ளிருந்து பார்த்தவர். டெக்சாஸ் கூட்டமைப்பு 1955-ல் வந்தது. அன்றைக்கு இந்த மாநிலம் முழுக்க ஜனநாயகக் கட்சியின் கோட்டை. ஜெயிக்க வாய்ப்பே இல்லாத காலத்திலும் வீடு வீடாகக் கதவைத் தட்டிய பெண்களின் பேத்திகள் இன்று எங்கள் கூட்டத்தில் என் பக்கத்தில் உட்காருகிறார்கள். நீங்கள் கட்டும் ஆண்டுச் சந்தாவில் ஒரு பங்கு மாநிலக் கூட்டமைப்புக்கும் ஒரு பங்கு தேசியக் கூட்டமைப்புக்கும் போகிறது.

உங்கள் ஊர்ப் பகுதியில் எந்தக் கிளப் இருக்கிறது என்று மாநிலக் கூட்டமைப்பின் பட்டியலில் பாருங்கள். பெரிய கவுன்டிகளில் நான்கைந்து இருக்கும். சில மதிய உணவோடு கூடும், சில மாலையில். வேலைக்குப் போகிறவர்கள் மாலைக் கிளப்பைத் தேர்ந்தெடுங்கள். மதியக் கூட்டத்துக்கு ஒவ்வொரு மாதமும் விடுப்பு எடுத்து வர முடியாது, மூன்றாவது மாதமே நின்றுவிடுவீர்கள்.

முதல் கூட்டம்

பதினைந்து நிமிடம் முன்னால் போங்கள். வாசலில் ஒரு மேசை இருக்கும். பெயரை எழுதிச் சட்டையில் ஒட்டிக்கொள்ளச் சீட்டு தருவார்கள். பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள், எப்படி உச்சரிப்பது என்று கேட்டால் பொறுமையாக இரண்டு முறை சொல்லுங்கள். அடுத்த மாதம் சரியாகக் கூப்பிடுவார்கள். சுடிதார், புடவை, பேன்ட் எது வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு போகலாம். நான் முதல் நாள் கைத்தறிப் புடவையில் போனேன். அதைத் தொட்டுப் பார்த்து எந்த ஊர் நெசவு என்று கேட்டவர்தான் இன்றும் மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்குப் போகும்போது என்னைக் காரில் ஏற்றிக்கொள்கிறார்.

கூட்டம் பிரார்த்தனையோடு தொடங்கும், பெரும்பாலும் கிறிஸ்தவப் பிரார்த்தனை. உங்கள் நம்பிக்கை வேறானால் அமைதியாக நின்றால் போதும், யாரும் எதுவும் நினைப்பதில்லை. பிறகு அமெரிக்கக் கொடிக்கு உறுதிமொழி, அதையடுத்து டெக்சாஸ் கொடிக்குத் தனி உறுதிமொழி. இரண்டாவதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகத் தெரியும். வீட்டில் கேட்டுப் படித்துக்கொண்டு போங்கள்.

அப்புறம் போன கூட்டத்தின் குறிப்பு, வரவு செலவு, குழுக்களின் அறிக்கை, கடைசியில் பேச்சாளர். ஒரு தீர்மானம் வர வேண்டும் என்றால் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், அதற்குப் பிறகுதான் விவாதம். நம் ஊர்ச் சங்கங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிப் பழகியவர்களுக்கு இது முதலில் கையைக் கட்டிப் போட்டது போல இருக்கும். ஆனால் கூச்ச சுபாவம் உள்ளவருக்கு இந்த முறையைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. உங்கள் முறை வந்துவிட்டால் யாரும் இஷ்டத்துக்குக் குறுக்கே பேச முடியாது.

சந்தா கட்டும்போது கவனம் தேவை. நீங்கள் சொந்தமாகக் கடையோ நிறுவனமோ நடத்தினால், அந்தக் கணக்கின் காசோலையைக் கொடுக்காதீர்கள். அரசியல் நிதிக் குழுவுக்கு கார்ப்பரேஷன் பணம் தருவதை டெக்சாஸ் சட்டம் தடை செய்கிறது. சொந்தக் கணக்கிலிருந்து கட்டுங்கள். எங்கே வேலை, என்ன வேலை என்று படிவத்தில் கேட்பார்கள், அறிக்கைக்காகத்தான். இந்தப் பணத்துக்கு வருமான வரிக் கழிவு கிடையாது.

இன்னொன்று, பிரைமரியில் ஒரே பதவிக்குக் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் மோதும்போது கிளப் யாரையும் ஆதரிக்காது. கூட்டமைப்பின் விதி அது. நீங்கள் தனிப்பட்ட முறையில் யாருக்காகவும் உழைக்கலாம், கிளப்பின் பெயரை மட்டும் இழுக்கக் கூடாது.

மசோதா வேலை: கிளப்பின் உயிர் இங்கேதான்

பலர் தேர்தல் மேடையைப் பார்த்துத்தான் கிளப்புக்கு வருகிறார்கள். என் அனுபவத்தில் ஒரு சாதாரண உறுப்பினரின் குரலுக்கு அதிக எடை கிடைக்கும் இடம் மேடை அல்ல, ஆஸ்டின் சட்டமன்றத்தில் மசோதாக்களை விசாரிக்கும் கமிட்டி அறை. அங்கே போய் நிற்பவர்கள் மிகக் குறைவு.

காலண்டரை முதலில் மனதில் வையுங்கள். டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, ஒற்றைப்படை ஆண்டில், 140 நாள் மட்டும் கூடுகிறது. ஜனவரி இரண்டாம் செவ்வாய் தொடக்கம். 90-வது சட்டமன்றம் 2027 ஜனவரி 12 அன்று கூடுகிறது. முன்கூட்டியே மசோதா தாக்கல் செய்வது 2026 நவம்பர் 9-லேயே தொடங்கிவிடும். 60-வது நாளான மார்ச் 12-க்குப் பிறகு பொதுவான மசோதாக்களைத் தாக்கல் செய்ய முடியாது. மே 31-ல் எல்லாம் முடிந்துவிடும். அதற்குமேல் வேண்டும் என்றால் ஆளுநர்தான் சிறப்பு அமர்வு கூட்ட வேண்டும், எதைப் பேசலாம் என்பதையும் அவரே முடிவு செய்வார். 2025 கோடையில் அப்படி இரண்டு அமர்வுகள் நடந்தன.

செனட்டர்கள் 31 பேர், கீழவை உறுப்பினர்கள் 150 பேர். 2025-ல் தாக்கலான மசோதாக்கள் 8,000-க்கும் மேல். எல்லாவற்றையும் யாராலும் படிக்க முடியாது. அதனால்தான் எங்கள் குழுவில் ஆளுக்கு ஒரு துறை பிரித்துக்கொள்கிறோம்: சொத்து வரி, பள்ளிக் கல்வி, தேர்தல் நடைமுறை, எல்லைப் பாதுகாப்பு, மின்கட்டமைப்பு, கருவிலுள்ள குழந்தையின் உயிர்ப் பாதுகாப்பு, பெண்கள் விளையாட்டு. கட்சியின் மாநில மாநாட்டில் பிரதிநிதிகள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முன்னுரிமைகள் ஒரு பக்கம், எங்கள் உறுப்பினர்கள் வீட்டுப் பிரச்சினையாகக் கொண்டுவருவது இன்னொரு பக்கம். இரண்டையும் வைத்துத்தான் பட்டியல் போடுகிறோம்.

புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொத்து வரியைத்தான் கொடுப்பேன். வீடு வாங்கிய எல்லோருக்கும் வலிக்கும் இடம் அது, புரிந்துகொள்ளவும் எளிது. 2025-ல் செனட் மசோதா 4, வசிக்கும் வீட்டுக்கான பள்ளி வரி விலக்கை 1,00,000 டாலரிலிருந்து 1,40,000 டாலராக உயர்த்தியது. வீட்டின் மதிப்பு 4,00,000 டாலர் என்றால், முன்பு 3,00,000-க்கு வரி, இப்போது 2,60,000-க்கு. பள்ளி வரி 100 டாலருக்கு 1 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 400 டாலர் மிச்சம். ஆனால் மசோதா நிறைவேறியதும் வேலை முடியவில்லை. விலக்குத் தொகை மாநில அரசியல் சாசனத்தில் இருப்பதால், இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைத்து, அதற்குப் பிறகு மக்களும் வாக்களிக்க வேண்டும். 2025 நவம்பரில் அது நடந்தது. அந்த அக்டோபர் முழுக்க எங்கள் உறுப்பினர்கள் கடைவாசல்களில் நின்று மக்களுக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: வாக்குச் சீட்டின் கடைசிவரை போங்கள், அடியில்தான் இது இருக்கிறது.

எல்லா விஷயத்திலும் கிளப் ஒரே குரலில் பேசும் என்று நினைக்காதீர்கள். தனியார் பள்ளிக்கு அரசு பணம் தரும் கல்விக் கணக்குத் திட்டம், அதாவது 2025 மே 3-ல் ஆளுநர் கிரெக் அபட் கையெழுத்திட்ட செனட் மசோதா 2, அதற்கு முதல் தவணையாக 100 கோடி டாலர். வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மார்கள் அதற்காகப் பல ஆண்டு போராடினார்கள். எங்கள் மேசையில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்களும் உண்டு, அவர்களுக்கு அதில் பல கேள்விகள் இருந்தன. இரண்டு பக்கமும் புள்ளிவிவரத்தோடு வந்தார்கள். அதை விவாதித்த கூட்டத்தில் எனக்குக் கிடைத்த பாடத்தை எந்தப் பிரசுரமும் தந்திருக்காது.

மசோதாவை எப்படிப் படிப்பது? சட்டமன்ற இணையதளத்தில் எண்ணைப் போட்டால் முழு வாசகமும் வரும். அடிக்கோடு இட்டது புதிதாகச் சேர்ப்பது, குறுக்கே கோடு போட்டது நீக்குவது. இவை இரண்டும் இல்லாதது ஏற்கெனவே உள்ள சட்டம். புதியவர்கள் பலர் பழைய வரியைப் படித்துவிட்டு "இப்படி ஒரு அநியாயமா" என்று கொதிக்கிறார்கள். அது இருபது ஆண்டாக இருக்கும் சட்டமாக இருக்கும். நான் வாலிலிருந்து படிப்பேன். எப்போது நடைமுறைக்கு வருகிறது, யாருக்குப் பொருந்தும் என்பது கடைசிப் பிரிவுகளில் இருக்கும். பெரும்பாலும் செப்டம்பர் 1. பிறகு வரையறைகள். ஒரு சொல்லுக்கு அவர்கள் தரும் பொருளில்தான் பாதி மசோதா ஒளிந்திருக்கும். அதற்குப் பிறகுதான் நடுப்பகுதி. கூடவே நிதிக் குறிப்பு என்று ஒன்று இருக்கும், இதற்கு அரசுக்கு எவ்வளவு செலவாகும் என்று சொல்லும். அதைத் திறக்காமல் ஆதரவோ எதிர்ப்போ சொல்லாதீர்கள்.

அடுத்தது யாரைக் கூப்பிடுவது என்பது. சொத்து வரிக்காக வாஷிங்டனில் இருக்கும் காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்துக்கு போன் போடுகிறவர்கள் நிறையப் பேர். அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்களுக்கு ஒரு மாநில செனட்டர், ஒரு மாநில கீழவை உறுப்பினர் உண்டு. அவர்கள் பெயரை ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள். போனில் உதவியாளர்தான் எடுப்பார். பெயர், முகவரி, மசோதா எண், ஆதரவா எதிர்ப்பா, ஒரே ஒரு காரணம். ஒரு நிமிடம் போதும். இந்த வேலையைத் தமிழ்ப் பள்ளி வாசலில் காரில் உட்கார்ந்தே செய்துவிடலாம்.

கமிட்டி முன்னால் பேசப் போகும் நாள்

கீழவைக் கமிட்டி என்றால் ஐந்து நாள் முன்னால் அறிவிப்பு வரும், செனட்டில் ஒரு நாள்கூட இருக்கலாம். அதனால் பை எப்போதும் தயாராக இருக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து ஆஸ்டினுக்கு நான்கு மணி நேரம் பிடிக்கும், விடியற்காலையில் கிளம்புவோம். போன் சார்ஜர், மெல்லிய சுவெட்டர், கையில் ஏதாவது சாப்பாடு. சுவெட்டரை மறக்காதீர்கள், வெளியே 95 டிகிரி அடித்தாலும் அறைகளில் குளிர் நடுக்கும். நான் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போவேன், கெட்டுப் போகாது.

1888-ல் கட்டிய செந்நிறக் கிரானைட் மாளிகை கண்ணைப் பறிக்கும், ஆனால் உங்கள் வேலை பெரும்பாலும் அதற்கு அடியில், நிலத்தடித் தளத்தில் இருக்கும். அறை எண் 'E' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் கீழே இறங்குங்கள். கீழவையில் சாட்சியாகப் பதிவது மின்னணு முறையில். கட்டிடத்தின் வைஃபையில் இருந்தால்தான் நடக்கும், வீட்டிலிருந்து முடியாது. ஆதரவு, எதிர்ப்பு, பொதுவாகக் கருத்து என்று மூன்று தேர்வுகள். பேசாமல் நிலைப்பாட்டை மட்டும் பதியவும் வழி உண்டு. பேசப் பயமாக இருந்தால் முதல் தடவை அதைச் செய்யுங்கள். உங்கள் பெயர் சாட்சிப் பட்டியலில் நிரந்தரமாக இருக்கும். ஆஸ்டின் போகவே முடியாவிட்டால், கீழவைக் கமிட்டிகளுக்கு டெக்சாஸ்வாசிகள் இணையத்தில் கருத்து எழுதி அனுப்பலாம்.

எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது. காலை எட்டு மணிக்குப் பதிந்துவிட்டு இரவு ஒன்பதுக்குப் பேசியிருக்கிறேன். பேசக் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று நிமிடம். ஒரு பள்ளிப் பாதுகாப்பு மசோதாவுக்காக எங்களுடன் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் வந்தார், பள்ளி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார். நேரம் இரண்டு நிமிடமாகக் குறைந்துவிட்டது என்று அறிவித்ததும், தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். மைக்கின் முன் உட்கார்ந்து பெயரும் ஊரும் சொன்னார். கதவு பூட்டாத ஒரு சிறிய அறையில் பன்னிரண்டு பிள்ளைகளோடு ஒரு பாதுகாப்புப் பயிற்சி நாளில் எப்படி உட்கார்ந்திருந்தார் என்பதை மட்டும் சொன்னார். அவ்வளவு நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு உறுப்பினர்கள் தலையை நிமிர்த்தினார்கள். ஒருவர் கேள்வி கேட்டார். கேள்வி வந்துவிட்டால் கடிகாரம் நின்றுவிடும், பதில் சொல்ல உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

ஆகவே எழுதுவதை இப்படி எழுதுங்கள்: பெயர், வசிக்கும் ஊர், மசோதா எண், நிலைப்பாடு, உங்கள் கண்ணால் பார்த்த ஒரு சம்பவம், நன்றி. கட்சியைப் பற்றியோ எதிர்க்கட்சியைப் பற்றியோ ஒரு வார்த்தையும் வேண்டாம். ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மெதுவாகப் பேசுங்கள், அது போதும்.

கமிட்டியில் ஜெயித்தாலும் எந்த நாளில் விவாதம் என்று முடிவு செய்யும் நாட்காட்டிக் கமிட்டியில் மாட்டி மே மாதத்தில் இறந்துபோகும் மசோதாக்கள் ஏராளம். முதல் தடவை அழுகை வரும். அடுத்த அமர்வில் அதே மசோதா வேறு எண்ணோடு வரும், நீங்களும் வர வேண்டும்.

தேர்தல் காலத்தில்

வாக்காளர் பதிவுக்கு உதவ விரும்பினால், கவுன்டி அலுவலகத்தில் தன்னார்வத் துணைப் பதிவாளராக நியமனம் பெற வேண்டும். சிறிய பயிற்சிதான். நிரப்பிய படிவத்தை வாங்கினால் ரசீது கொடுத்து, ஐந்து நாளுக்குள் கவுன்டியில் சேர்க்க வேண்டும். நியமனம் அந்தக் கவுன்டிக்கு மட்டும். பிரிஸ்கோ ஒரே ஊர்தான், ஆனால் ஒரு பகுதி காலின் கவுன்டி, இன்னொரு பகுதி டென்டன். அதனால் எங்களில் பலர் இரண்டிலும் நியமனம் வாங்கியிருக்கிறோம். இரட்டைப்படை ஆண்டின் டிசம்பர் 31-ல் நியமனம் காலாவதியாகும், புதுப்பிக்க மறக்காதீர்கள். பதிய வருபவர் எந்தக் கட்சி என்று கேட்கக் கூடாது. படிவம் கேட்டு யார் வந்தாலும் சிரித்த முகத்தோடு கொடுக்க வேண்டும்.

வாக்குச் சாவடிக்கு வெளியே நிற்கும்போது வாசலிலிருந்து 100 அடி எல்லையைத் தாண்டாதீர்கள். நீங்களே ஓட்டுப் போட உள்ளே போகும்போது கட்சிச் சின்னமான யானை புரோச், கிளப் டீ-ஷர்ட், தொப்பி எல்லாவற்றையும் கழற்றி காரில் வைத்துவிட்டுப் போங்கள். போனையும் உள்ளே பயன்படுத்தக் கூடாது. கதவு தட்டப் போகும் நாளில் எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள் என்று குறித்து வையுங்கள், கூட்டமைப்புக்குக் கணக்கு கொடுக்கிறோம்.

நூலகங்களுக்குப் புத்தகம் தருவது, ராணுவத்தினருக்குப் பொட்டலம் கட்டுவது, கல்லூரி போகும் பெண்களுக்கு உதவித்தொகை, இவையும் உண்டு. முன்னாள் அதிபர் ஐசன்ஹோவரின் மனைவி மமி ஐசன்ஹோவர் பெயரில் நடக்கும் நூலகத் திட்டத்துக்குப் போன முறை அட்டைப் பெட்டிகளைத் தூக்கியது என் மகளும் அவள் தோழிகளும். அரசியல் பேசக் கூச்சமாக இருந்தால் இந்த வேலையில் நுழையுங்கள். நான் நுழைந்ததும் இப்படித்தான்.

2026 நவம்பர் 9-க்குள் உங்கள் மாநில செனட்டர், கீழவை உறுப்பினர் இருவரின் பெயரையும், அவர்கள் எந்தெந்தக் கமிட்டியில் இருக்கிறார்கள் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாக்கலாகும் மசோதாக்களில் உங்கள் வீட்டைத் தொடும் ஒன்றை மட்டும் எடுத்து, அடிக்கோடு இட்ட வரிகளை மஞ்சள் பேனாவால் தீட்டுங்கள். அந்தத் தாளோடு டிசம்பர் கூட்டத்துக்கு வாருங்கள், வாசல் மேசையில் பெயர்ச் சீட்டு எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் நான்தான்.